நான் சொல்லாமல் விட்ட பாதி

அந்தமானில் கோர்ட்டு குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அறுபதுகளின் நடுப்பகுதி. திருச்சிப் பக்கத்துக்காரன் நான். எங்கள் ஊரில் ஹிந்தி வேண்டாம் என்று பையன்கள் தார் டின்னைத் தூக்கிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில், நான் ஹிந்தி பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதிப் பாஸ் செய்து வைத்திருந்தேன். ஊரில் அதை வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. தீவில் அதுதான் எனக்குச் சோறு போட்டது. வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், தீவிலேயே பிறந்த லோக்கல் பார்ன் என்று எல்லாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது ஹிந்தியில்தான். கோர்ட்டிலும் அதுதான்.

ஹிந்தி தெரியாத தமிழ் ஆள் யாராவது கூண்டில் நின்றால், பெஞ்ச் குமாஸ்தா என் மேஜைப் பக்கம் திரும்பி, "மதராஸி பாபு, ஆ ஜாவ்" என்பார். நான் போய்க் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஆரம்பிப்பேன். அதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் மாஜிஸ்ட்ரேட்டிலிருந்து போலீஸ்காரர் வரை எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த மனிதரை அப்படித்தான் முதலில் பார்த்தேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னதாக ஒரு சிலுவை. தீவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சொந்தமாகச் சின்ன வள்ளம் ஒன்று வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பிடித்து வருவதை மனைவி அபர்டீன் பஜாரில் விற்பார். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. ஜெட்டியில் இருந்த சர்க்கார் ஸ்டோரிலிருந்து இரண்டு சுருள் வடமும் ஒரு பித்தளைக் கப்பியும் காணாமல் போய், அது அவர் குடிசையில் கட்டிலுக்கு அடியில் கிடைத்ததாகக் கேஸ்.

முதல் நாளே அவர், "நான் திருடல ஐயா" என்று சொன்னார். நானும் அதை அப்படியே சொன்னேன். விசாரணைக்குத் தேதி போட்டார்கள். ஜாமீனில் போகலாம், ஆனால் சொந்த வீடோ கடையோ உள்ளவர்கள், இல்லையென்றால் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். வந்து இரண்டு வருஷமே ஆன ஒரு மீன்பிடிக்காரருக்கு யார் போடுவார்கள்? கையெழுத்துப் போடக்கூடிய சர்க்கார் உத்தியோகஸ்தன் ஒருவன் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். எனக்கு அது தோன்றக்கூட இல்லை. அவரை ஜெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் டீ குடிக்கப் போனேன்.

நாலு வாரம் கழித்து அவர் தேதி வந்தது. அது வந்த வாரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். ஊரிலிருந்து மூன்று கடிதம் வந்துவிட்டது. மெட்ராஸ் கப்பல் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது. ஏற்கெனவே ஒரு கப்பலுக்கு லீவு கிடைக்கவில்லை, அடுத்ததற்கு டிக்கெட் கிடைக்கவில்லை. இந்தத் தடவை இரண்டும் கையில் இருந்தது. வெள்ளிக்கிழமை கப்பல். புதன்கிழமை இந்த மனிதருடைய கேஸ். செவ்வாய்க்கிழமை பெஞ்ச் குமாஸ்தா என்னிடம், "இந்த மதராஸி கேஸ் விசாரணைக்குப் போனால் நாலைந்து சாட்சி இருக்கிறார்கள். இந்த வாரத்தில் முடியாது. நீ போய்விட்டால் யார் மொழிபெயர்ப்பது? லீவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

புதன்கிழமை காலையில் கைதிகளை ஜெயிலிலிருந்து கொண்டுவந்து கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் வைத்திருந்தார்கள். நானாகவே அங்கே போனேன். அவர் கம்பிக்குப் பக்கத்தில் வந்து கும்பிட்டார்.

"செராங் நிக்கோபார் போயிருக்காரு ஐயா," என்றார். செராங் என்றால் சர்க்கார் லாஞ்சை ஓட்டுகிறவர். "அவரு முன்னாலதான் ஸ்டோர் பாபு எனக்கு வடத்தயும் கப்பியயும் குடுத்தாரு. பழசு, கழிச்சுப் போட்டது. பதிலுக்கு அவரு வீட்டுக்கு மீன் குடுத்துக்கிட்டு இருந்தேன். லாஞ்ச் திரும்பி வர ரெண்டு மூணு வாரம் ஆகுமாம். அவரு வந்துட்டா எல்லாம் தெரிஞ்சுபோகும்."

"அதுவரைக்கும் நீங்க உள்ளேதான் இருக்கணும்," என்றேன்.

அவர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

"செராங் வந்தாலும் உடனே முடியாது. திரும்பத் தேதி போடுவாங்க. இன்னைக்கே எடுத்தேன்னு ஒத்துக்கிட்டீங்கன்னா, இருந்த நாளையே தண்டனையாக் கழிச்சு விட்டுருவாங்க. சாயங்காலம் பிள்ளையைப் பார்க்கலாம்."

"பொய் சொல்லச் சொல்லுதீங்களா ஐயா?"

"இதுல பொய் என்ன இருக்கு? வடத்தை எடுத்துக்கிட்டுப் போனது நிஜம்தானே?"

"எடுத்தது நிஜந்தான்," என்றார்.

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அப்படி நிறையப் பேரை விட்டிருக்கிறார்கள். ஜாமீனுக்கு ஆள் இல்லாதவன், குற்றம் செய்தானோ இல்லையோ, ஒத்துக்கொண்டால் சீக்கிரம் வெளியே போகலாம். ஒத்துக்கொள்ளாமல் நியாயம் கேட்டு நின்றால், தண்டனையை விட அதிக நாள் உள்ளே கிடப்பான். அதில் இருந்த அநியாயம் கோர்ட்டில் வேலை பார்த்த எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. வேலை சீக்கிரம் முடிகிறதே என்று பார்த்தோம்.

கூண்டில் ஏறினார். புதிதாக வந்திருந்த மாஜிஸ்ட்ரேட், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று ஹிந்தியில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவர் சொன்னதை இன்றைக்கும் வார்த்தை மாறாமல் என்னால் சொல்ல முடியும்.

"எடுத்தேன் ஐயா. ஆனா திருடல. ஸ்டோர் பாபு குடுத்தாரு, எடுத்துக்கிட்டுப் போனேன். செராங் பக்கத்துலதான் நின்னாரு, அவரு வந்ததும் கேட்டுப் பாருங்க. சின்னப் பிள்ள இருக்கு, மன்னிச்சு வீட்டுக்கு விட்டாப் போதும்."

நான் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்து, "ஜீ ஹுஸூர், லியா ஹை" என்றேன். ஆமாம், எடுத்தேன் என்கிறான்.

எழுதிக்கொண்டிருந்த மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்தார். "இவ்வளவு நேரம் பேசினானே. வேறு என்ன சொன்னான்?"

கேட்டார். கேட்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை. ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் எனக்குக் கப்பல்தான் ஞாபகம் வந்தது.

"மன்னிப்புக் கேட்கிறான் ஹுஸூர். சின்னக் குழந்தை இருக்கிறதாம்."

மாஜிஸ்ட்ரேட் தலையை ஆட்டிவிட்டு எழுதினார். ஜெட்டியில் சர்க்கார் சொத்து அடிக்கடி களவு போகிறது, இது மற்றவர்களுக்கும் ஒரு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று சொல்லி, ஆறு மாதம் கடுங்காவல் கொடுத்தார். நான் எதிர்பார்க்கவில்லை. கூண்டில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "முடிஞ்சுதா ஐயா? வீட்டுக்குப் போகலாமா?"

அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "ஆறு மாசம்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன். போலீஸ்காரர் தோளைத் தொட்டதும் இறங்கிப் போனார். திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனார்.

அவருக்கு அடுத்த கேஸ் ஒரு கான்ட்ராக்டருடைய அக்கா மகன். சர்க்கார் கட்டிடத்துக்கு வந்த சிமெண்டை லாரியோடு கராச்சர்மா பக்கம் கொண்டுபோய் விற்றான் என்று கேஸ். வக்கீலோடு வந்தான். கூண்டில் ஏறவில்லை, உட்கார நாற்காலி கிடைத்தது. கையெழுத்துப் போட நாலு பேர் வாசலிலேயே தயாராக நின்றார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டான். அந்தக் கேஸ் தேதி மேல் தேதியாக வாங்கி, எப்போது செத்தது என்றே தெரியாமல் செத்தது. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்தடுத்து அந்த இரண்டையும் ஒரே காலையில் பார்த்தவன் நான்.

வெள்ளிக்கிழமை கப்பல் ஏறினேன். பெண்ணைப் பார்த்தேன், பிடித்திருந்தது. லீவை நீட்டி, கல்யாணமும் முடித்து, இரண்டு மாதம் கழித்து மனைவியோடு தீவுக்குத் திரும்பினேன்.

வேலைக்குப் போன முதல் நாளே கோர்ட்டு பியூன் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் லோக்கல் பார்ன். அவருடைய தாத்தா கைதியாகக் கப்பலில் வந்து, தண்டனை முடிந்து இங்கேயே தங்கிவிட்டவர். "அந்த வடம் கேஸில் செராங் வந்திருந்தார்" என்று ஹிந்தியில் சொன்னார். "நிக்கோபாரிலிருந்து இறங்கின கையோடு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்தார். ஸ்டோர் பாபு கொடுத்ததை நான் பார்த்தேன், எங்கே சொல்ல வேண்டும் என்று கேட்டார். ஆள் ஒத்துக்கொண்டான், கேஸ் முடிந்தது என்று பெஞ்ச் குமாஸ்தா சொன்னார். நடக்காத ஒன்றை அவன் எப்படி ஒத்துக்கொண்டான் என்று செராங் சத்தம் போட்டார். வெளியே அனுப்பிவிட்டார்கள்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் ஃபைல் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அப்பீலுக்கு ஒரு மாதம்தான் கெடு. அது தாண்டிவிட்டது. தாண்டினாலும் தகுந்த காரணம் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியும், அந்த மாதிரி மனுக்களை நானே டைப் அடித்திருக்கிறேன். ஆனால் காரணம் என்ன என்று எழுத வேண்டும். மொழிபெயர்த்தவன் பாதியை விழுங்கிவிட்டான் என்பதுதான் காரணம். அதற்கு என் வேலை போகும். கல்யாணம் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான்கு மாதத்தில் அவர் எப்படியும் வெளியே வந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு அபர்டீன் பஜாருக்குப் போனேன். மீன் விற்கிறவர்கள் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து ஓடி வந்தார். கோர்ட்டு வாசலில் குழந்தையோடு நின்று பார்த்த முகம்.

"ஐயா, நல்லா இருக்கீங்களா? இது அம்மாவா?" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, எங்க வீட்டுக்காரருக்காக அங்க வாயத் தெறந்து பேசின ஒரே ஆளு ஐயாதான். பாஷ தெரியாத ஊருல நமக்குன்னு ஒருத்தர் நின்னாரே. அதை நாங்க மறக்க மாட்டோம்."

இருந்ததிலேயே பெரிய சீலா மீனை எடுத்தார். நாங்கள் வஞ்சிரம் என்போம். இலையில் சுற்றி என் மனைவியிடம் நீட்டினார். நான் காசை எடுத்தபோது இரண்டு கையாலும் தடுத்தார். "அவரு வெளிய வந்ததும் ஐயாவ வந்து பாப்பாரு," என்றார்.

வாங்கிக்கொண்டேன். என் மனைவிக்கு அன்றைக்கு ஒரே பெருமை. வழியெல்லாம், "நீங்க இவ்வளவு நல்லது செய்யறதை எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மீனை வறுத்து, குழம்பும் வைத்தாள். சாப்பிட முடியாமல் எழுந்து போனேன் என்று எழுதத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன்.

அவர் வெளியே வந்தார். ஆனால் என்னைப் பார்க்க வரவில்லை. தண்டனை பெற்றவர் என்பதால் மீன்பிடி லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. வள்ளத்தை விற்றுவிட்டு ஜெட்டியில் மூட்டை தூக்கப் போனார். ஜெட்டியில் என்ன காணாமல் போனாலும் போலீஸ் முதலில் போய் நிற்பது அவர் குடிசை வாசலில்தான். பழைய கேடி என்று பெயர் விழுந்துவிட்டது. வடத்தைக் கொடுத்த ஸ்டோர் பாபு பதவி உயர்வு வாங்கிக்கொண்டு மெயின்லேண்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வருஷமே ஒரு டீசல் பீப்பாய் காணவில்லை என்று அவரை மறுபடியும் கூண்டில் ஏற்றினார்கள். மறுபடியும் நான்தான். சப் இன்ஸ்பெக்டர் முதல் வார்த்தையாக, இவனுக்கு முன்பே தண்டனை இருக்கிறது என்றார். அதை நான் தமிழில் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்ற கேள்வி.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் ஒன்றும் தெரியவில்லை. "என்ன சொல்லணுமோ நீங்களே சொல்லிருங்க ஐயா," என்றார்.

"இல்லை, நீங்க சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம சொல்றேன்," என்றேன். என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று மாஜிஸ்ட்ரேட் அதட்டினார். கூண்டில் இருந்தவர், "எடுக்கல" என்றார். மூன்று வாரம் உள்ளே இருந்தார். பிறகு சாட்சி இல்லை என்று விட்டார்கள். அதற்குள் ஜெட்டியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இன்னொரு தடவையும் அப்படியே நடந்தது.

அதன் பிறகுதான் தெரிந்த வங்காளி வக்கீல் ஒருவரிடம் போனேன். யாரோ ஒரு நண்பனுக்கு நடந்ததுபோலச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "உன் நண்பனுக்கு வேலை போகும், கேஸும் வரலாம். அந்த ஆள் தண்டனையை அனுபவித்தாயிற்று. இனிமேல் இதில் யாருக்கு என்ன லாபம்?" என்றார். அந்த ஆளின் பெயர் திருடன் பட்டியலிலிருந்து போகுமே என்று நான் சொல்லவில்லை. வக்கீலே சொல்லிவிட்டார் என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் கூசுகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர்கள் குடும்பம் ஊருக்கே திரும்பிப் போவதாகப் பியூன் சொன்னார். அரை நாள் லீவு போட்டுவிட்டு ஜெட்டிக்குப் போனேன். ஒரு தகரப் பெட்டி, இரண்டு மூட்டை. குழந்தை இப்போது தாவணி போடும் பெண்ணாகியிருந்தாள். மனைவி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவர் மட்டும் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அன்னைக்கு நீங்க பேசினதை நான் முழுசாச் சொல்லல. எடுத்தேன்னு சொன்னதை மட்டும் சொன்னேன். திருடல, ஸ்டோர் பாபு குடுத்தாரு, செராங்கைக் கேளுங்கன்னு சொன்னதைச் சொல்லல."

"தெரியும் ஐயா," என்றார்.

"எப்படி?" என்றேன்.

"நான் அவ்வளவு பேசினேன். நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சீங்க. செராங்குங்கற பேரு எந்த பாஷையில சொன்னாலும் செராங்குதான? அது உங்க வாயில வரலியே."

"அப்போ ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாருகிட்ட சொல்ல? நான் சொல்லுததை நீங்கதான சொல்லணும்."

குரலை உயர்த்தவே இல்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கல்யாணம், கப்பல், லீவு என்று ஏதாவது சொல்லியிருப்பேன். "உங்க வீட்டுல சொல்லியிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"அவகிட்ட எதுக்கு? நல்ல மனுசன் ஒருத்தர் இருந்தாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. இருந்துட்டுப் போகட்டும்." மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய் வரிசையில் சேர்ந்துகொண்டார். அவருடைய மனைவி அப்போதுதான் என்னைப் பார்த்தார். வழியனுப்ப வந்திருக்கிறேன் என்று நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. பாதியிலேயே கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டாள். முடித்ததும், "அந்தக் கப்பலை விட்டிருந்தா அடுத்தது எப்போ?" என்று கேட்டாள்.

"மூணு வாரம்."

"நான் இருந்திருப்பேனே," என்றாள். பிறகு, "அந்த அம்மா கையால மீனை நான் வாங்கினேனே" என்று சொல்லி அழுதாள். எனக்குச் சமாதானம் சொல்ல அவளும் முயற்சி செய்யவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

அதற்கப்புறம் பல வருஷம் அதே கோர்ட்டில் இருந்தேன். கூண்டில் நிற்கிறவர் இருமினால்கூட இருமினார் என்று சொல்வேன். மாஜிஸ்ட்ரேட்டுகள் சலித்துக்கொண்டார்கள், சுருக்கமாகச் சொல்லு என்றார்கள். ஒருவர் என் ரகசியக் குறிப்பில், வேலையில் மந்தம் என்று எழுதினார். நண்பர்கள் சிலர் அதைப் பாராட்டிப் பேசுவார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். அந்தக் கேஸைத் திரும்ப எடுக்கச் சொல்லி ஒரு வரி மனு நான் எழுதவே இல்லை. அவர் ஊர் எது என்று அந்த ஃபைலில் இருந்தது. போய்ப் பார்க்கவும் இல்லை.